இனயம் போச்சு, விழிஞ்ஞம் வந்தாச்சு… குமரிக்காரங்க நாம தோத்துட்டமா?

கருங்கல்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஊருக்கு வந்தப்ப டீக்கடைல பெரிய வாக்குவாதம், ரெண்டு சொந்தக்கார அண்ணன்மாரு கிட்டத்தட்ட அடிச்சுக்கிற நிலைமைக்குப் போயிட்டாங்க, அதுல இருந்து எனக்கு மண்டைக்குள்ள இதே ஓடிக்கிட்டு இருக்கு, அதான் இங்க கேக்கேன்.

2016 ஜூலைல மத்திய அமைச்சரவை நம்ம குமரிக் கடற்கரையில இனயத்துல பெரிய துறைமுகம் கட்ட கொள்கை அளவுல ஒப்புதல் குடுத்தப்ப நான் ப்ளஸ் டூ படிச்சிட்டு இருந்தேன். மொத்தம் 27,000 கோடிக்கு மேல செலவாகும்னு பேசிக்கிட்டாங்க. எங்க வீட்ல இருந்து இனயம் பைக்குல போனா கொஞ்ச நேரம்தான். எங்க அப்பா அன்னைக்கு, "மெக்கானிக்கல் எடு மக்கா, நீ படிச்சு முடிக்கும்போது வேலை வீட்டு வாசல்ல இருக்கும்"னு சொன்னாரு. நானும் எடுத்தேன். படிச்சு முடிச்சேன். துறைமுகம் வரல, நான் பெங்களூர்ல இருக்கேன்.

நடுவுல கடற்கரை ஊர்க்காரங்க போராட்டம் பண்ணாங்க, எடத்தை மாத்தி நம்ம கன்னியாகுமரி பக்கத்துக் கோவளம்-கீழமணக்குடின்னாங்க, அங்கயும் போராட்டம், 2019 எலெக்ஷன்ல மத்திய இணை அமைச்சரா இருந்த நம்ம எம்.பி. பொன்.ராதாகிருஷ்ணன் தோத்தாரு, அத்தோட பேச்சே அடங்கிப் போச்சு. 2021-ல மறுபடியும் டெண்டர்னு செய்தி வந்தப்ப திரும்ப ஒரு கொந்தளிப்பு, திரும்ப அமைதி. அந்தப் பக்கம் கேரளாவுல விழிஞ்ஞம் துறைமுகத்துல 2015-ல வேலை ஆரம்பிச்சு, 2024 ஜூலைல மொத கன்டெய்னர் கப்பல் வந்து, 2025 மே 2-ம் தேதி பிரதமரே வந்து திறந்து வச்சுட்டாரு. இனயத்துல இருந்து பாத்தா அது நாப்பது கிலோமீட்டர் கூட இல்ல.

என் கேள்வி இதுதான். மலையாளிங்க ஒத்துமையா நின்னு ஜெயிச்சுட்டாங்க, நாம நமக்குள்ள அடிச்சிக்கிட்டு தோத்துட்டோம்னு ஒரு அண்ணன் சொல்லுதாரு. அது சரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

——

இனயம்_கடலோடி:

தம்பி, நான் இனயம்புத்தன்துறைக்காரன். நீ மரியாதையா கேட்டதால நானும் நிதானமா சொல்லுதேன்.

"நமக்குள்ள அடிச்சிக்கிட்டோம்"னு சொல்லுதீயே, அதுல "நாம" யாரு? அந்த ஒப்புதல் வந்த அன்னைக்கு எங்க ஊர்ல ஒரு ஆளுகிட்ட கூட யாரும் கேட்டிருக்கல. டிவியில பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டோம், எங்க கடலுக்குள்ள மண்ணு நெரப்பி யார்டு போடப் போறாங்கன்னு. எங்க அப்பா கரையில தெரியுற சர்ச் கோபுரத்தையும் பின்னால தெரியுற மலை உச்சியையும் ஒண்ணா வச்சுப் பாத்து, இந்த எடத்துல பார் (கடலுக்கு அடியில இருக்குற பாறைத்திட்டு) இருக்கு, இங்க தூண்டில் போட்டா மீன் கெடைக்கும்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவாரு. ஒவ்வொரு பாருக்கும் பேரு உண்டு. அந்தப் பார்கள்ல எத்தனை அந்த மேப்புக்குள்ள வந்துச்சுன்னு நாங்க உக்காந்து ஒண்ணொண்ணா குறிச்சுப் பாத்தோம், அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிடல.

அதுக்கு அடுத்த வருஷம் நவம்பர் கடைசியில ஒக்கி புயல். தூத்தூர்ல இருந்து சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி வரைக்கும் எத்தனை வீட்ல ஆள் திரும்பி வரலன்னு உனக்கே தெரியும். கடலுக்குள்ள கெடக்குற ஆளுங்களைத் தேட கப்பல் அனுப்புங்கன்னு குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்து கேட்டோம். அந்த ஒரு வாரம் கண்ணால பாத்த பெறகு, "எங்களை நம்புங்க, உங்க வாழ்க்கைய முன்னேத்துறோம்"னு யார் வந்து சொன்னாலும் எப்படி நம்புறது? நம்பிக்கை இல்லாத எடத்துல 27,000 கோடிய கொட்டினாலும் ஒண்ணும் நிக்காது.

இன்னொண்ணும் கேளு. பெரிய துறைமுகத்தை விடு. தேங்காப்பட்டினத்துல ஆத்து முகத்துவாரத்துல எங்களுக்காகன்னு சொல்லி மீன்பிடித் துறைமுகம் கட்டினாங்கல்ல. கோதையாறும் பறளியாறும் சேந்து குழித்துறை வழியா வர்ற ஆறு கடல்ல சேருற எடம் அது. அலைதடுப்புச் சுவர் சரியா அமையாததால வாயில மணல் சேந்து மேடாயிடுது, ஆனி ஆடியில அலை அந்த மேட்டுல பட்டு ஒரேயடியா எழும்பும், போட்டை அப்படியே தூக்கிக் கவுத்துடும். அந்த வாசல்லயே எத்தனை பேரைப் பறிகுடுத்திருக்கோம். நடுக்கடல்ல பொழைச்சு வந்தவன் வீட்டு வாசப்படில சாகுறான் தம்பி. எதிர்க்கரையில இரயுமன்துறைய கடல் தின்னுக்கிட்டு இருக்கு. ஒரு சின்ன துறைமுகத்தோட வாயை ஒழுங்கா வைக்க முடியாதவங்க பக்கத்துலயே அத விட நூறு மடங்கு பெருசு கட்டுறோம்னு சொன்னா என்ன சொல்ல?

——

முத்துநகர்_ஷிப்பிங்:

நான் தூத்துக்குடி. கஸ்டம்ஸ் கிளியரன்ஸ், ஃபார்வர்டிங் தொழில்ல பதினெட்டு வருஷமா இருக்கேன். உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில் எப்படி நடக்குன்னு கொஞ்சம் சொல்லுதேன், அப்பதான் "தோத்தோமா ஜெயிச்சோமா"ன்னு பேச முடியும்.

இப்ப திருப்பூர்ல இருந்து ஒரு பெட்டி, அதாவது ஒரு கன்டெய்னர் பனியன் ஐரோப்பா போகணும்னு வைங்க. லாரில தூத்துக்குடி வரும், எங்க ஆளுங்க பேப்பர் பாப்பாங்க, சின்னக் கப்பல்ல ஏறி கொழும்பு போகும், அங்க எறக்கி வச்சு, பெறகு பெரிய தாய்க்கப்பல்ல ஏத்துவாங்க. சின்னக் கப்பலுக்கு ஃபீடர்னு பேரு. கொழும்புல எறக்கி ஏத்துறாங்கல்ல, அதுதான் டிரான்ஷிப்மெண்ட். விழிஞ்ஞம் வர்ற வரைக்கும் நம்ம நாட்டு டிரான்ஷிப்மெண்ட் சரக்குல முக்கால்வாசி கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் மாதிரி வெளிநாட்டு துறைமுகத்துலதான் கை மாறிச்சு. அந்தக் காசை நம்ம பக்கம் திருப்பணும்னுதான் விழிஞ்ஞமும் இனயமும். ரெண்டும் ஒரே வேலைக்குன்னு போட்ட திட்டம். சர்வதேச கப்பல் பாதை விழிஞ்ஞத்துல இருந்து பத்து கடல் மைல்தான், கரைக்குப் பக்கத்துலயே 18-20 மீட்டர் இயற்கை ஆழம். அதனாலதான் 2025 ஜூன்ல 24,000 பெட்டிக்கு மேல தாங்குற எம்.எஸ்.சி. ஐரினா கப்பல் நேரா வந்து கட்டுச்சு. கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம்.

சரி, அதே வேலைய நாப்பது கிலோமீட்டருக்குள்ள ரெண்டு எடத்துல செஞ்சா யாருக்கு லாபம்? கப்பல் கம்பெனிக்கு லாபம். ரெண்டு துறைமுகத்தையும் மோத விட்டு ரேட்டைக் கொறைப்பான். கொச்சில இருக்குற வல்லார்பாடம் துறைமுகத்தைப் பாருங்க. 2011-ல திறக்கும்போது கொழும்புச் சரக்கெல்லாம் கொச்சிக்குத்தான் வரப்போகுதுன்னாங்க. காயலுக்குள்ள இருக்குற துறைமுகம், ஆத்து வண்டல் வந்து படிஞ்சுக்கிட்டே இருக்கும், வருஷம் பூரா தோண்டிக்கிட்டே இருக்கணும், அந்தச் செலவு வேற. நெனைச்ச அளவுக்கு டிரான்ஷிப்மெண்ட் வரல.

நான் தூத்துக்குடிக்காரன்ங்கறதால இனயம் வேண்டாம்னு சொல்லுதேன்னு யாரும் நெனைக்க வேண்டாம், ஆனா உண்மைய மறைக்கவும் விரும்பல. எங்க ஊர்ல அன்னைக்கு பெரிய பயம் இருந்துச்சு. எங்க ஊர் வ.உ.சி. துறைமுகம், சென்னை, எண்ணூர் மூணும் முதல் போட்டு இனயத்துக்கு ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும்ங்கறது திட்டம். எங்க துறைமுகத்து காசை எடுத்து எங்களுக்கே போட்டி வைக்கிறதான்னு தொழிற்சங்கத்துக்காரங்க கேட்டாங்க. எங்க வெளித்துறைமுகத் திட்டம் எத்தனையோ வருஷமா பேப்பர்ல கெடந்து, 2024 பிப்ரவரிலதான் அடிக்கல் நாட்டினாங்க.

கருங்கல் தம்பிக்கு ஒரு வார்த்தை. டிரான்ஷிப்மெண்ட் துறைமுகத்துல பெட்டி கேட்டுக்கு வெளியவே வராது. கப்பல்ல இருந்து எறங்கும், யார்டுல கெடக்கும், அடுத்த கப்பல்ல ஏறும். லாரி, குடோன், கூலி, சாப்பாட்டுக் கடைன்னு ஊருக்குள்ள பரவுற வேலை, சரக்கு உள்நாட்டுக்குப் போற துறைமுகத்துலதான் அதிகம். உங்க அப்பா நெனைச்ச அளவுக்கு வேலை அங்க இருந்திருக்காது.

——

மேல்புறம்_ஆசிரியர்:

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். துறைமுகம் வேணும்னு ஊர்வலத்துல நடந்தவங்கள்ல நானும் ஒருத்தன், அதுக்காக இன்னைக்கும் வெக்கப்படல. எங்க பக்கத்தையும் யாராவது சொல்லணும்ல.

1956 நவம்பர் 1-ம் தேதி குமரி தமிழ்நாட்டோட சேந்துச்சு. அதுக்காக உயிரை விட்டவங்க உண்டு. சேந்த பெறகு நமக்குன்னு ஒரு பெரிய தொழில் வந்துச்சா? தூத்துக்குடிக்கு துறைமுகம், ஸ்பிக் உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம். திருவனந்தபுரத்துக்கு விமான நிலையம், டெக்னோபார்க், இப்ப துறைமுகமும். நடுவுல நம்ம புள்ளைங்க நல்லா படிக்குது, படிச்சு முடிச்சதும் கல்ஃபுக்கு விசா தேடுது. என் வகுப்புல படிச்ச புள்ளைங்கள்ல பாதிக்கு மேல வெளிநாட்டுலயும் வெளியூர்லயும்தான். வயசான அப்பா அம்மா பெரிய வீட்டைப் பூட்டிக்கிட்டு ஒரு ரூம்ல இருக்காங்க.

குளச்சல் ஒண்ணும் நேத்து மொளைச்ச துறை இல்ல. 1741-ல மார்த்தாண்டவர்மா டச்சுக்காரனைத் தோக்கடிச்ச எடம். 1860-ல அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய் தோண்ட ஆரம்பிச்சாங்களே, திருவனந்தபுரம் பக்கத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் வள்ளத்துல சரக்கு போகணும்னுதானே. பாதிலயே நின்னு போச்சு. இன்னைக்கு தேங்காப்பட்டினத்துல இருந்து மண்டைக்காடு வரைக்கும் போய்ப் பாருங்க, பல எடத்துல ஏ.வி.எம். கால்வாய்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, சாக்கடையாக் கெடக்கு. எங்க தாத்தா அதுல கயிறு ஏத்திக்கிட்டுப் போனதைச் சொல்லிக் கேட்டிருக்கேன். இந்த மாவட்டத்துல எதை ஆரம்பிச்சாலும் பாதிலயே நிக்குதேங்கற வேதனைலதான் எங்களை மாதிரி ஆளுங்க வேணும்னு கேட்டோம். கடற்கரை மக்களுக்கு விரோதமா கேக்கல. ஆனா அன்னைக்கு அதை மதச் சண்டையா மாத்தினாங்க ரெண்டு பக்கத்துலயும், அது எனக்கு இன்னைக்கும் ஆறாத புண்ணு. 1982-ல மண்டைக்காடு மதக் கலவரத்தைப் பாத்த ஊரு இது. அந்த நெருப்பை வச்சு யாரும் வெளையாடக் கூடாது.

——

பூவார்_மருமகள்:

நான் பொறந்தது தூத்தூர் பக்கம், கட்டிக்குடுத்தது பூவாருக்கு, இப்ப இருக்கது திருவனந்தபுரத்துல. மலையாளிங்க எல்லாரும் ஒத்துமையா நின்னாங்கன்னு அந்த அண்ணன் சொன்னது சரியில்ல, அதச் சொல்லத்தான் வந்தேன்.

2022 ஆகஸ்ட் 16-ல இருந்து நூறு நாளைக்கு மேல விழிஞ்ஞம் துறைமுக வாசல்ல மீன்காரங்க உக்காந்திருந்தாங்க. லத்தீன் சபை பாதர்மாரெல்லாம் முன்ன நின்னாங்க. கட்டட வேலையே நின்னு போச்சு. நவம்பர் கடைசியில போலீஸ் ஸ்டேஷன்ல கலவரம், எத்தனை பேருக்கு அடி. கடற்கரைக்காரங்க ஒரு பக்கம், துறைமுகம் வேணும்ங்கறவங்க ஒரு பக்கம்னு அங்கயும் அதே கதைதான் அக்கா அண்ணன்மாரே.

வலியதுறைல பழைய சிமெண்ட் குடோன்ல குடும்பங்களைத் தங்க வச்சிருந்தாங்க. எங்க நாத்தனாரோட சிநேகிதி ஒருத்தி அங்க இருந்தா, நான் போய்ப் பாத்திருக்கேன். சேலையும் தார்ப்பாயும் கட்டி மறைச்சு ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டம். நடந்தா காலடியில தூசி பறக்கும். பொம்பளைப் புள்ளைங்க உடுப்பு மாத்தணும்னா அம்மா சேலையப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். அந்த வீட்டை எல்லாம் கடல் எடுத்தது துறைமுகத்துக்குப் போட்ட மூணு கிலோமீட்டர் கல்லுச் சுவராலன்னு அவங்க சொல்லுதாங்க, அது காரணமில்லன்னு அரசாங்கம் சொல்லுது. வாடகைக்கு மாசம் 5,500 ரூபாய் தர்றோம்னாங்க, அந்தக் காசுக்கு அங்க எந்த வீடு கெடைக்கும்? பெறகு முட்டத்தறைல ஃபிளாட் கட்டிக் குடுத்தாங்க.

ஆனா ஒண்ணு, நியாயமா இதையும் சொல்லணும். விழிஞ்ஞத்துல கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து பெரிய கிரேனை இயக்குறது பக்கத்து ஊர்ப் பொண்ணுங்க சிலரு. மீன்காரங்க வீட்டுப் பொண்ணுங்களும் அதுல உண்டு. எனக்கு அதைப் பாத்தப்ப நெஞ்சு நெறைஞ்சுது. அந்த வேலைக்கு நம்ம பக்கத்துப் புள்ளைங்களும் போகலாமே, வீட்ல இருந்தே பஸ்ஸுல போய் வரலாமே, ஏன் எல்லைன்னு ஒண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு பேசணும்?

——

களியக்காவிளை_ரோட்டோரம்:

எல்லாரும் கடலைப் பத்தியே பேசுதீங்க, மலையை மறந்துட்டீங்க.

அந்த மூணு கிலோமீட்டர் சுவருக்கு கல்லு எங்க இருந்து போச்சு? நம்ம மலைல இருந்தும்தான் போச்சு. ராத்திரி பகலா டாரஸ் லாரி, பத்து சக்கரம், பன்னெண்டு சக்கரம், அதுக்கு மேலயும், ஒண்ணு பின்னால ஒண்ணு மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை வழியா. என் வீடு ரோட்டோரம். ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில் நடுங்கும். காலைல முற்றத்துல துளசிச் செடிய தொட்டுப் பாத்தா எலை மேல வெள்ளையா பாறைத்தூள். ஸ்கூல் நேரத்துல ஓடாதேன்னு நேரக் கட்டுப்பாடு போடுறதுக்கு எத்தனை மறியல், எத்தனை ஆக்சிடென்ட் ஆக வேண்டி இருந்துச்சு! என் பொண்ணோட கூடப் படிச்ச ஒரு பையனை அந்த ரோட்டுல பறிகுடுத்தோம். அதே சமயம் நம்ம நாலுவழிச்சாலைக்கு மண்ணும் கல்லும் இல்லன்னு வேலை வருஷக்கணக்கா இழுத்துச்சு.

அதனால "கேரளா ஜெயிச்சுது, தமிழ்நாடு தோத்துது"ன்னு பேசுதது எனக்குப் பொறுக்கல. அவங்க துறைமுகத்துக்கு அடித்தளமா நம்ம மலை கெடக்கு. அதுக்கு நம்ம பஞ்சாயத்துக்கு என்ன வந்துச்சு? விழிஞ்ஞத்துக்கு மத்திய அரசு 817 கோடி ரூபாய் நிதி குடுக்கும்போது, அதை வருமானத்துல பங்காத் திருப்பித் தரணும்னு சொன்னதுக்கு கேரளா எத்தனை மாசம் சண்டை போட்டுச்சு. அவங்க அவங்க காசுக்காக நின்னாங்க. நம்ம கல்லுக்காக ஒருத்தரும் நிக்கல, அதுதான் என் கோவம்.

——

இனயம்_கடலோடி:

ஆசிரியர் ஐயாவுக்கு. நீங்க மண்டைக்காட்டைச் சொன்னதால சொல்லுதேன், நீங்க சொன்ன அந்தப் புண்ணு எங்களுக்கும் ஆறல. உங்க வேதனையையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். எங்க ஊர்லயும் புள்ளைங்க கப்பல் வேலைக்கும் கல்ஃபுக்கும்தான் போகுது. ஆனா எங்க கடல் உங்களுக்கு காலி எடமாத் தெரிஞ்சுது ஐயா. நாங்க அங்க உழுது விதைக்கலன்னாலும் அது எங்க வயக்காடுதான்.

கப்பலால என்ன ஆகும்னும் இப்ப அனுபவிச்சாச்சு. 2025 மே 25-ம் தேதி, விழிஞ்ஞத்துல இருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் முங்கிச்சுல்ல, 640 பெட்டிக்கு மேல அதுல. கொஞ்ச நாள்ல எங்க கரையெல்லாம் வெள்ளை வெள்ளையா ஜவ்வரிசி மாதிரி பிளாஸ்டிக் குருணை. எங்க அம்மா முறத்தை எடுத்துட்டுப் போய் மணலைப் புடைச்சா. புடைக்கப் புடைக்க அடுத்த அலைல அதே அளவு வந்து விழுது. வலைய ஒதறினா முடிச்சுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த வாரம் சாளை வாங்க மேட்டு ஊர்ல இருந்து ஒரு ஆள் வரல. கப்பல் முங்கினது கேரளக் கடல்ல, குருணை ஒதுங்கினது எங்க கரைல, தண்ணிக்கு எந்த மாநிலம்?

——

மேல்புறம்_ஆசிரியர்:

தம்பி, "காலி எடமாத் தெரிஞ்சுது"ன்னு நீங்க சொன்னதை நான் ரெண்டு தடவை வாசிச்சேன். நாங்க உங்க ஊருக்கு வந்து உக்காந்து பேசியிருக்கணும், ஊர்வலம் போறதுக்கு முன்ன. அதை நாங்க செய்யல. தேங்காப்பட்டினம் முகத்துவாரத்துக்காக மேட்டு ஊர்க்காரங்களும் சேந்து நின்னா நல்லது, நான் வருவேன். ஆனா மாவட்டத்துக்கு ஒரு தொழில் வேணும்ங்கறதுல இருந்து நான் பின்வாங்க மாட்டேன்.

——

முத்துநகர்_ஷிப்பிங்:

ஐயா சொல்லுத தொழிலுக்கு இன்னொரு துறைமுகம் கட்டித்தான் ஆகணும்னு இல்ல. விழிஞ்ஞத்துல இருந்து பாலராமபுரம் வரைக்கும் பத்து கிலோமீட்டர் சொச்சம் ரயில் பாதை வருது, பெரும்பகுதி சுரங்கம். அது முடிஞ்சா சரக்கு நாகர்கோவில் வழியாவும் போகும். பெட்டி வைக்க, மீன் ஐஸ்ல பதப்படுத்த, ரப்பர், முந்திரி ஏத்துமதிக்கு பேக் பண்ண எடம் வேணும். குமரில நாலு எடத்துல அந்த மாதிரி குடோன் வந்தா, துறைமுகம் கேரளால இருந்தாலும் வேலை நம்ம ஆளுக்குத்தான். தூத்துக்குடில ஊரைச் சுத்தி இதான் நடந்துச்சு. துறைமுகத்துக்குள்ள வேலை பாக்குறவங்களை விட வெளிய பொழைக்கிறவங்கதான் எங்க ஊர்ல அதிகம்.

——

கருங்கல்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. களியக்காவிளை அண்ணன் சொன்ன லாரியில ஒண்ணு ரெண்டு எங்க சித்தப்பாவோடதுன்னு சொல்லிடுதேன், வீட்ல இதைப் பத்தி இப்பதான் மொத தடவையா பேசினோம்.

நேத்து சாயங்காலம் தேங்காப்பட்டினம் போனேன். இவ்வளவு பக்கத்துல இருந்தும் அந்த முகத்துவாரத்தை நின்னு பாத்ததே இல்ல. ஒரு ஃபைபர் போட் உள்ள வர்றதுக்காக வெளிய நின்னுச்சு, மூணு அலைய போக விட்டு, நாலாவது அலை முதுகுல ஏறி ஒரே மூச்சுல உள்ள வந்துச்சு. கரைல நின்ன ஒரு அம்மா அது வரைக்கும் பேச்சே எடுக்கல, போட் உள்ள வந்த பெறகுதான் கூடைய எடுத்துட்டு எறங்குனாங்க. பத்து வருஷமா துறைமுகம் துறைமுகம்னு பேசுன எங்க வீட்ல இதை ஒருத்தரும் பாத்ததில்ல.

இனயம் அண்ணே, கலெக்டர் ஆபீஸ்ல மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு நீங்க போறதா இருந்தா சொல்லுங்க, லீவு போட்டுட்டு நானும் வாறேன்.

——

இனயம்_கடலோடி:

வா தம்பி. கருங்கல் பஸ் ஸ்டாண்டுல எட்டு மணிக்கு நில்லு, நாங்க வேன்ல வந்து ஏத்திக்கிடுதோம். ஆசிரியர் ஐயாவும் வாறதா இருந்தா மார்த்தாண்டத்துல ஏறலாம். மனுவுல மணல்மேட்டைத் தோண்டி எடுக்குற விஷயத்தையும் இரயுமன்துறை சுவரையும் தனித்தனியா எழுதியிருக்கோம், உனக்கு அனுப்புதேன், நீ இன்ஜினியர்ல, நாங்க அளந்து வச்ச ஆழக் கணக்கு சரியா இருக்கான்னு ஒருக்கா பாத்துச் சொல்லு.